ஐந்து கயிறு தின்ற மிஷின்

நாலாவது கயிறு அறுந்தது சபையார் அத்தனை பேரும் பார்க்கும்படியாக.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணி. ஆலயத்துக்குப் பின்னால் காய்ந்த ரப்பர் தடிகள் முப்பதுக்கு மேல் அடுக்கிக் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை அசனம். சபையின் ஆண்டு விழாவுக்கு ஊரே வந்து உட்கார்ந்து சாப்பிடும் பெரிய பந்தி அது. ஆயிரத்து ஐந்நூறு பேருக்குச் சோறும் கிடாக்கறியும் வேக வேண்டும், அதற்குத்தான் இந்த விறகு. விறகு அறுக்க வந்த ஷைஜா செயின்சாவைத் தரையில் வைத்தாள். பின்பிடியை வலது காலால் மிதித்துக்கொண்டாள், முன்பிடியை இடது கையால் அழுத்திக்கொண்டாள். ஸ்டார்ட்டர் கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். மிஷின் ஒரு இருமல்கூட இருமவில்லை. கைப்பிடி மட்டும் கையோடு வந்துவிட்டது. கயிறு சர்ரென்று உள்ளே ஓடி ஒளிந்துகொண்டது. ஷைஜா பின்பக்கமாகச் சரிந்து மரத்தூளில் உட்கார்ந்தாள்.

வெங்காயச் சாக்கு இறக்கிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். அசனக் கமிட்டிச் செயலாளர் ஜாஸ்பர் சிரிக்கவில்லை. அவர் சிரித்திருந்தால்கூடத் தேவலை.

"ஷைஜா, உனக்க மிஷினுக்கு ஆகாரம் பெட்ரோலா, கயிறா?" என்றார். "இது எத்தனாவது?"

"நாலு அண்ணா."

"சனிக்கிழமை பதினோரு மணிக்கு சமையலுக்கு ஆளு வந்து அடுப்பு மூட்டும். அதுக்குள்ள விறகு வேணும். சனிக்கிழமை காலம்பயும் இதே கதைன்னா நான் பொன்னுலிங்கத்தைக் கூப்பிடுவேன். பிறவு என்னைக் குத்தம் சொல்லப்பிடாது."

பொன்னுலிங்கம் பதினைந்து வருஷமாக இந்தச் சுற்றுவட்டாரத்தில் மரம் அறுப்பவர். அவர் வந்துவிட்டால் விறகோடு போகாது. ஆலயத்துக்குப் பின்னால் சபைக்குச் சொந்தமான நூற்று அறுபது ரப்பர் மரங்கள் நிற்கின்றன. பால் வற்றிய கிழட்டு மரங்கள். மழைக்காலத்துக்கு முன் அவற்றை வெட்டி முறித்துப் புதுத் தை, அதாவது கன்று, நடப்போகிறார்கள். யார் முறிப்பது என்று ஞாயிற்றுக்கிழமை அசனம் முடிந்ததும் கமிட்டி முடிவு சொல்லும். விறகை ஒழுங்காக அறுத்துக் காட்டு, அப்புறம் பார்ப்போம் என்று ஜாஸ்பர் ஷைஜாவிடம் சொல்லியிருந்தார்.

அந்த நூற்று அறுபது மரங்களிலும் பதினொரு வருஷமாகப் பால் வெட்டுகிறவள் ஷைஜாதான். மரம் போனால் அவள் வேலையும் போச்சு. புதுத் தை பால் தர ஏழு வருஷம் ஆகும். அந்த ஏழு வருஷம் என்ன செய்வது என்று யோசித்துத்தான் ரெண்டு மாசத்துக்கு முன் இந்தச் செயின்சாவை வாங்கினாள். மஸ்கட்டில் ஏசி வேலை பார்க்கும் புருஷன் ஜெப்சன் போனில் துள்ளிக் குதித்தான். "நீ வாங்கு ஷைஜா, ஒரு கை பாத்திரலாம்!" என்றான்.

துள்ளாத ஆள் ஒருவர்தான், மாமனார் ஞானசிங். பெண்டாட்டி போனபின் பேச்சைக் குறைத்துக்கொண்ட மனுஷன். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ரோலர் ஷெட்டு அவருடைய ராஜ்ஜியம். ஷைஜா கொண்டு வரும் பாலில் ஆசிட் சேர்த்து உறைய வைத்து, ரோலரில் போட்டு ஷீட் அடிப்பது அவர் வேலை. மகன் அனுப்பிய பெரிய கறுப்புக் குடை ஒன்று ஆணியில் தொங்கும். அதை அவர் யாருக்கும் கொடுக்க மாட்டார். போதகர் ஒருநாள் மழையில் மாட்டிக்கொண்டு கேட்டபோதுகூட, "இருந்து ஒரு சாயா குடிச்சிட்டுப் போங்க, மழை விட்டுரும்" என்று உட்கார வைத்துவிட்டார்.

மிஷின் வீட்டுக்கு வந்த அன்று அவர் ஒரே ஒரு தடவை பேசினார்.

"மரத்துக்கிட்ட பால் வாங்கித் தின்ன கை. அதே கையி அதை முறிக்கப் போவுதா?"

அதோடு சரி. அதன்பின் மிஷினைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை கிடையாது. பெட்ரோல் நாற்றம் வீட்டுக்குள் ஆகாது என்பதால் ஷைஜா அதை ஷெட்டின் மூலைப் பலகையில் வைத்துக்கொண்டாள். அவர் ஆமென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை.

வியாழன் மத்தியானமே ஷைஜா மிஷினை ஸ்கூட்டரில் வைத்துக் கட்டிக் குலசேகரத்துக்குப் பறந்தாள். பஜார் முனையில் ஷிபினின் கடை. ஷிபின் கடலோரக் கடியப்பட்டணத்துக்காரன். வள்ளத்து எஞ்சின் பார்த்துக்கொண்டிருந்தவன், குலசேகரத்தில் பெண் கட்டி மலையேறி வந்துவிட்டான். கை ஓடும் வேகத்துக்கு வாயும் ஓடும்.

"எக்கா, ஒரு கயிறு அறுந்தா கயித்துக்க குத்தம். ரெண்டு அறுந்தா இழுக்கவங்களுக்க குத்தம். நாலு அறுந்தா உள்ள பேய் இருக்கு!"

"பேயோ பிசாசோ, நாளைக்கழிச்சு காலம்ப இது ஓடணும் ஷிபினு. இல்லேன்னா பொன்னுலிங்கம் வந்திருவாரு."

"வரட்டும் பாப்போம்!" என்று நாலு ஸ்க்ரூவையும் கழற்றி ஸ்டார்ட்டர் மூடியைத் திறந்தான்.

கயிறு வெளியே வரும் ஓட்டையில் இருக்கும் வளையத்தை முதலில் பார்த்தான். அதில் பிசிறு இருந்தால் இழுக்க இழுக்க அறுத்துவிடும். விரலை விட்டுச் சுற்றினான், மழுமழுவென்று இருந்தது. கயிறு சுற்றும் சக்கரத்தைப் பார்த்தான், விரிசல் இல்லை. ஸ்பிரிங்கை முறுக்கி விட்டுப் பார்த்தான், சரியாகத் திரும்பியது. எஞ்சின் திருப்பி அடித்தாலும் கயிறு அறுந்து போகும் என்று காந்தச் சக்கரத்தையும் கழற்றி அதன் ஆப்பைப் பார்த்தான். அதுவும் புதுசாகவே இருந்தது. ஷிபின் தலையைச் சொறிந்தான்.

"நீங்க எப்பிடி இழுப்பீய? இழுத்துக் காட்டுங்க."

ஷைஜா கடைவாசலில் மிஷினை வைத்து, வெறும் கையால் செய்து காட்டினாள். முதலில் மெதுவாக, உள்ளே பிடி கிட்டும்வரை. அப்புறம் நேராக ஒரு இழுப்பு. கடைசிவரைக்கும் இழுக்காமல் அரைக் கயிற்றில் நிறுத்தி, கையை விடாமல் திருப்பி உள்ளே விட்டாள்.

"இது நான் சொல்லிக்குடுத்ததைவிட நல்லா இருக்கே!" என்றான் ஷிபின். அவனுக்குச் சந்தோஷமும் எரிச்சலும் ஒன்றாக வந்தது. இழுப்பவள் மேல் பழியைப் போடலாம் என்றிருந்தான், அதுவும் போச்சு.

மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. நாலு கயிறும் ஒரே இடத்தில்தான் அறுந்திருந்தன. கைப்பிடியின் தலையில் ஒரு குழி இருக்கும். கயிற்றின் முடிச்சு அதற்குள் உட்காரும். அந்த முடிச்சுக்கு அடியில்தான் ஒவ்வொரு தடவையும் போயிருந்தது. முடிச்சு அவிழாமல் இருக்க நுனியை லைட்டரால் சுடுவது ஷிபினின் வழக்கம்.

"சூடு கூடிப்போச்சு போல. இந்தத் தடவை சுட மாட்டேன். நூல் சுத்திக் கெட்டுதேன்."

ஐந்தாவது கயிற்றைப் போட்டு ரெண்டு முடிச்சாகக் கட்டினான். அப்புறம் இருபது தடவை இழுத்தான். இருபது தடவையும் மிஷின் கர்ஜித்தது. பஜாரே திரும்பிப் பார்த்தது. பக்கத்துக் கடைக்காரர் காதைப் பொத்திக்கொண்டு திட்டினார். ஷைஜாவுக்கு அங்கேயே ஒரு மரத்தை முறிக்கலாம் போல இருந்தது.

அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு ஒரு ராத்திரிதான்.

வெள்ளிக்கிழமை விடியுமுன் எழுந்து பால் வெட்டப் போனாள். திரும்பி வந்து பால் வாளிகளை மாமனாரிடம் இறக்கி வைத்தாள். பலகையிலிருந்து மிஷினை எடுத்து முற்றத்தில் வைத்து, சும்மா ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று இழுத்தாள். கைப்பிடி கையோடு வந்தது.

கடைவாசலில் இருபது தடவை தாங்கிய கயிறு, வீட்டு முற்றத்தில் ஒரு தடவை தாங்கவில்லை! நிமிர்ந்து பார்த்தபோது ஷெட்டு வாசலில் ஞானசிங் நின்றுகொண்டிருந்தார். அவள் கையிலிருந்த கைப்பிடியைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், அப்புறம் மழை வருமா என்று பார்ப்பவர்போல வானத்தைப் பார்த்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

இருபது நிமிஷ ரோட்டைப் பன்னிரண்டு நிமிஷத்தில் முடித்து ஷிபினின் கடையில் நின்றாள்.

"அஞ்சு!" என்று கைப்பிடியை மேஜையில் வைத்தாள்.

ஷிபினுக்கு இப்போது ரோஷம் வந்துவிட்டது. "நைலானுக்க கதை எனக்குத் தெரியாதா எக்கா? எனக்க அப்பனுக்க வலையெல்லாம் நைலான். வருஷக்கணக்கா உப்புத்தண்ணியில கெடக்கும், வெயில்ல கெடக்கும், ஒண்ணும் ஆவாது. இதை எது தின்னுது?"

கைப்பிடியின் குழியிலிருந்து முடிச்சை ஸ்க்ரூடிரைவரால் தோண்டி எடுத்தான். தோண்டவே தேவையில்லாதபடி கொழகொழவென்று வந்தது. நூலுநூலாகப் பிரிய வேண்டிய கயிறு பசை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. இதை அவன் சுடவில்லை. சுடாத கயிறு எப்படி உருகும்? கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தான். பார்த்தவன் முகத்தைச் சடக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டான்.

"ஏ யம்மா! இது என்ன நாத்தம்? மூக்கு எரியுது!"

ஷைஜா வாங்கி முகர்ந்து பார்த்தாள். "ஒரு நாத்தமும் இல்லியே."

"இல்லியா? எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு, உங்களுக்கு ஒண்ணுமே தெரியலியா?"

"சத்தியமா இல்ல ஷிபினு."

ஷிபின் அவளையே பார்த்தான். அப்புறம் முடிச்சைப் பார்த்தான். மறுபடியும் அவளைப் பார்த்தான். அவன் கண் விரிந்துகொண்டே போனது.

"எக்கா, எங்க ஊருல மீன் நாத்தம் எங்க யாருக்கும் தெரியாது. வெளியூருக்காரன் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மூக்கைப் பொத்துவான், நாங்க என்னடான்னு கேப்போம். பிறந்ததுல இருந்து முகந்தா மூக்குக்கு அது தெரியாதாயிரும். இந்த நாத்தம் உங்களுக்குத் தெரியலேன்னா, அது உங்க வீட்டுல உள்ள நாத்தம்! தினம் உங்க மூக்குல ஏறுதது. என்னது அது?"

ஷைஜா வாயைத் திறந்தாள். பதினொரு வருஷக் காலைகள் ஒவ்வொன்றாக அவள் மூக்குக்குள் திரும்பி வந்தன. ரோலர் ஷெட்டு. பால் டிஷ்கள். வெள்ளைக் கேன்.

"ஆசிட்!" என்று அலறினாள். "பாலு உறைய ஊத்துத ஆசிட் ஷிபினு!"

"அது நைலானைத் தின்னுமா?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? நான் நைலானை ஏன் அதுல போடப்போறேன்?"

பக்கத்துக் கடை ரப்பர் சாமான் விற்கும் கடை. ஷிபின் வேலியைத் தாண்டுகிறவன் மாதிரி அந்தக் கடைப்படியைத் தாண்டி, ஒரு பழைய கண்ணாடிக் கிளாஸில் ரெண்டு விரல் உயரத்துக்கு ஆசிட் வாங்கிக்கொண்டு வந்தான். புதுக் கயிற்றில் ஒரு சாண் வெட்டி உள்ளே போட்டான். ரெண்டு பேரும் கிளாஸுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார்கள். சாயாக்கடைப் பையன் கொண்டுவந்து வைத்த சாயா ஆறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் கயிற்றின் ஓரம் மங்கியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் வீங்கியது. ஷிபின் ஒரு கம்பியால் தூக்கினான். கயிறு எழுந்து வரவில்லை, கஞ்சிபோல் வழிந்தது.

"பாத்தியளா! பாத்தியளா எக்கா!" ஷிபின் எழுந்து குதித்தான். "கடலு தின்னாததை உங்க பாலு ஆசிட்டு தின்னுபோட்டே!"

ஷைஜாவும் குதித்தாள். பேய் பிடிபட்டுவிட்டது! இழுத்ததில் தப்பில்லை, மிஷினில் தப்பில்லை, நுனியைச் சுட்டதில் தப்பில்லை. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

ஷெட்டில் ஆசிட்டைத் தொடுகிற கை ஒன்றுதான். அது ஷைஜாவின் கை இல்லை. ஐந்து கயிறு, ஐந்து தடவையும் முடிச்சு இருக்கும் அந்தச் சின்னக் குழிக்குள்ளேயே. கைதவறிச் சிந்துவது ஐந்து தடவையும் அங்கேயே போய் விழுமா? காலையில் வானத்தைப் பார்த்துக்கொண்டு உள்ளே போன மாமனாரின் முகம் கண் முன்னால் வந்து நின்றது.

ஷிபினுக்கும் புரிந்துவிட்டது. ஆறாவது கயிற்றை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு அவள் கையில் கொடுத்தான். "ஆளு யாருன்னு தெரியாம இதைப் போடாதீங்க எக்கா. பழைய கைப்பிடியை அதுக்க இடத்துலேயே சும்மா வச்சிருங்க. பாத்தா கயிறு இருக்க மாதிரியே இருக்கும்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஷைஜா சண்டைக்கு வசனம் தயார் பண்ணினாள். பிடிக்கவில்லை என்றால் வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம் மாமா. ஏழு வருஷம் நான் என்ன செய்வேன் என்று ஒரு நாளாவது நினைத்துப் பார்த்தீர்களா மாமா. உங்கள் மகனிடம் இப்போதே போன் போட்டுச் சொல்கிறேன் மாமா. ஒவ்வொரு வளைவிலும் ஒரு வசனம் கூடியது.

சாயங்காலம் ஆறரை. மழை மேகம் கூடி வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. மிஷின் எப்போதும்போல மூலைப் பலகையில் இருந்தது, கைப்பிடி அதன் இடத்தில். கம்பிகளில் காயப்போட்டிருந்த ஷீட்டுகளுக்குப் பின்னால் ஷைஜா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையும் களவுமாகப் பிடித்தால்தான் ஆச்சு!

ஞானசிங் வந்தார். நேராக மிஷினுக்குத்தான் வந்தார்.

அவர் ஆசிட் கேனைத் தொடவில்லை. தோளில் கிடந்த துவர்த்துத் துண்டை எடுத்து மிஷினைத் துடைத்தார். காற்றுத் துளைகளில் அடைந்திருந்த மரத்தூளை வாயால் ஊதினார். சங்கிலியில் ஒட்டியிருந்த கறையை நகத்தால் சுரண்டினார். பிறகு ஆசிட் மேஜைக்கு அடியில் குனிந்து, பாதியாக வெட்டிய ஒரு பிளாஸ்டிக் கேனை எடுத்தார். காலையில் ஆசிட் ஊற்றும்போது சிந்துவதைப் பிடிக்க அடியில் வைக்கும் கேன் அது. அதை ரெண்டு தடவை உதறினார், கவிழ்த்தார், மிஷினின் தலையில் தொப்பிபோல் மாட்டினார். காற்றுக்குப் பறக்காமல் இருக்க மேலே ஒரு செங்கல் துண்டையும் வைத்தார். வெளியே தூறல் ஆரம்பித்தது. கூரை ஓட்டையிலிருந்து ஒரு சொட்டு டப்பென்று அந்தக் கேனின் மேல் விழுந்தது. அதைப் பார்த்து அவர் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டார்.

தயார் பண்ணி வைத்த வசனங்களில் ஒன்றுகூட ஷைஜாவுக்கு ஞாபகம் வரவில்லை.

"மாமா!"

ஞானசிங் துள்ளி விழுந்தார். செங்கல் கீழே விழுந்தது.

"நீங்கதானா மாமா இது?"

"என்னது?"

"தொப்பி போடுதது!"

பள்ளிக்கூடத்தில் மாங்காய் திருடி மாட்டிக்கொண்டவன் மாதிரி அவர் நின்றார். "ஷெட்டு ஒழுகுதுல்லா. ஓட்டை இந்தப் பலகைக்கு நேரே இருக்கு, நீ பாக்கல்ல. தண்ணி பட்டா துரு பிடிக்கும்."

"எத்தனை நாளா?"

"அது வந்த அன்னையில இருந்து."

"காலம்ப?"

"நீ பால் வெட்டப் போன பிறவு எடுத்து மாத்துவேன்."

"ஏன் மாமா எங்கிட்ட சொல்லல?"

ஞானசிங் கூரையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கடைசியில் அவளைப் பார்த்தார்.

"சொன்னா, மாமன் சம்மதிச்சாச்சுன்னு நீ நெனைப்ப."

ஷைஜா சிரித்தாள். சிரிக்கும்போதே அழுகையும் வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு கேனைத் தூக்கிக் காட்டினாள். கைப்பிடியின் குழிக்குள், முடிச்சு உட்கார வேண்டிய இடத்தில், புதுசாக ரெண்டு சொட்டு மினுங்கிக்கொண்டிருந்தது. கேனின் மடிப்பிலிருந்து வழிந்த ஆசிட். கடையில் பார்த்த கஞ்சிக் கதையை அவள் மூச்சுவிடாமல் சொன்னாள்.

ஞானசிங் ரோலர் மேடையில் உட்கார்ந்துவிட்டார்.

"அஞ்சும் நானா?"

"அஞ்சும் நீங்கதான் மாமா."

"சபைக்காரங்க முன்னால வச்சு உன்னைச் சிரிக்க வச்சதும் நானா?"

அவர் சட்டென்று எழுந்தார். "அசனத்துக்கு வாக்கு குடுத்தாச்சுல்லா மக்களே. கயிறு வச்சிருக்கியா? எடு!"

பெற்ற பிள்ளையைக் கூப்பிடுவதுபோல அவர் அவளை மக்களே என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஷைஜா அதைக் கேட்டும் கேட்காததுபோல ஸ்க்ரூடிரைவரைத் தேடினாள். நின்று அதைப் பற்றி யோசித்தால் வேலை ஓடாது.

அப்புறம் அந்த ஷெட்டில் ஒரே அமளி. கைப்பிடியையும் மூடியையும் ஆப்பச்சோடா கரைத்த தண்ணீரில் போட்டுத் தேய்த்துக் கழுவினார்கள். ஞானசிங் கழுவியதையே ரெண்டாம் தடவையும் கழுவினார். ஆறாவது கயிற்றைச் சக்கரத்தில் கோத்து, ஸ்பிரிங்கை முறுக்கிப் பிடிக்கும்போதுதான் ரெண்டு கை போதவில்லை என்று தெரிந்தது. "இஞ்ச பிடிங்க மாமா, விட்டுராதீங்க!" என்றாள். ஐம்பது வருஷம் ஆசிட் அளந்த கட்டைவிரல் சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டது. முதல் தடவை சக்கரம் நழுவி, ஸ்பிரிங் பாம்புபோல் வெளியே பாய்ந்து, அவர் மூக்கில் ஒரு கோடு கிழித்தது. ரெண்டாவது தடவை சரியாக உட்கார்ந்தது. முடிச்சை அவரே போட்டார். பசு கட்டுகிற முடிச்சு. மிஷின் அன்று ராத்திரி வீட்டுக்குள், அவர் கட்டிலுக்கு அடியில் இருந்தது. பெட்ரோல் நாற்றத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

சனிக்கிழமை எட்டு மணிக்கு ஷைஜாவின் ஸ்கூட்டர் ஆலய வளாகத்தில் நுழைந்தபோது பொன்னுலிங்கம் ஏற்கெனவே அங்கே இருந்தார். தன் மிஷினைப் பைக்கில் கட்டி வைத்து, பைக்கின்மேல் சாய்ந்து நின்றார். ஜாஸ்பர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆனால் எல்லாரும் பார்த்தது ஸ்கூட்டரின் பின்சீட்டைத்தான். மூக்கில் பிளாஸ்டரும் ரெண்டு காதிலும் பஞ்சும் வைத்துக்கொண்டு, கையில் கறுப்புக் குடையோடு ஞானசிங் இறங்கினார்.

ஷைஜா மிஷினைத் தரையில் வைத்தாள். மிதித்தாள், அழுத்தினாள், பிடி கிட்டும்வரை மெதுவாக இழுத்தாள். வெங்காயம் உரித்த பெண்கள் கத்தியை வைத்துவிட்டு எழுந்து வந்தார்கள்.

முதல் இழுப்பு. ஒன்றுமில்லை. ஆனால் கயிறு இருந்தது.

ரெண்டாவது இழுப்பு. ஒரு இருமல். பொன்னுலிங்கம் பைக்கிலிருந்து நிமிர்ந்தார்.

சோக்கை உள்ளே தள்ளினாள். மூன்றாவது இழுப்பு!

ஆலயத்து மணிக்கூண்டிலிருந்த புறா அத்தனையும் ஒன்றாகப் பறந்தது. பெண்கள் கைதட்டியது மிஷின் சத்தத்தில் கேட்கவில்லை. ஷைஜா முதல் தடியில் வாளை இறக்கினாள். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கியது. தூள் சிதறியது, ஒரு முழத் துண்டுகள் உருண்டு விழுந்தன. விழுந்ததை ஞானசிங் எடுத்து எறிந்தார். எழுபது வயசு மனுஷன் பந்து எறிகிற மாதிரி எறிந்தார். பெட்ரோல் ஊற்ற அவ்வப்போது மிஷினை நிறுத்தினாள். மறுபடி இழுக்கும்போதெல்லாம் வளாகமே மூச்சைப் பிடித்தது, கயிறு ஒவ்வொரு தடவையும் தாங்கியது. நாலாவது தடவைக்குப் பிறகு யாரும் மூச்சைப் பிடிக்கவில்லை. பொன்னுலிங்கம் சும்மா நிற்கப் பொறுக்காமல் கோடாலியை எடுத்துத் துண்டுகளைப் பிளக்க ஆரம்பித்திருந்தார்.

பத்தே முக்காலுக்குக் கடைசித் தடி முடிந்தது. சமையல்காரர்கள் வேனிலிருந்து அண்டாக்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"பின்ன என்னதான் கோளாறு?" என்று ஜாஸ்பர் கேட்டார். "நாலு கயிறு எப்பிடி அறுந்துது?"

ஷைஜா மாமனாரைப் பார்க்காமல் பதில் சொன்னாள். "ஒண்ணுமில்ல அண்ணா. மழையில நனைஞ்சிருக்கும் போல."

காதில் பஞ்சு இருந்ததால் ஞானசிங்குக்குத் தன் குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்று தெரியவில்லை. அடுப்படியில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி கத்தினார்.

"நான்தான்! அஞ்சையும் அறுத்தது நான்தான்! மிஷினு நனையப்பிடாதேன்னு ஆசிட்டு கேனைக் கவுத்தி வச்சேன், அது கயித்தைத் தின்னுபோட்டு. இவ கையில ஒரு குத்தமும் இல்ல, கேட்டியளா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள், அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருக்கவில்லை.

"ஜாஸ்பரே, அந்த நூத்தி அறுவது மரமும் இவ பால் வெட்டுன மரம். எது எந்தப் பக்கம் சாஞ்சு நிக்கி, எதுக்க அடிமூடு உளுத்துப் பொள்ளையா நிக்கி, எல்லாம் இவளுக்குத்தான் தெரியும். வேற யாருக்கத் தலையிலாவது சாய்க்கப் போறியளா?"

ஜாஸ்பர் பொன்னுலிங்கத்தைப் பார்த்தார். பொன்னுலிங்கம் கோடாலியைத் தோளில் வைத்துக்கொண்டு, "எனக்கு அந்த விளையில எந்த மரம் எப்பிடின்னு தெரியாது பிள்ளேய்" என்றார். அதற்குமேல் கமிட்டி கூட வேண்டியிருக்கவில்லை.

"நாளைக்கு முறைப்படி சொல்லுவோம்" என்றார் ஜாஸ்பர். "நீ திங்கக்கிழமை வந்து மரத்துக்கு நம்பர் போடு ஷைஜா."

ஷைஜாவுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினாள். பெண்கள் அவளைப் பிடித்துக் குலுக்கினார்கள். தலையெல்லாம் மரத்தூள் பறந்தது.

அந்த நேரம் பார்த்து மழை சடசடவென்று இறங்கியது. எல்லாரும் விறகைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினார்கள். தலையில் கையை வைத்து ஓடிய ஜாஸ்பர் திரும்பிப் பார்த்தபோது, ஞானசிங் நடு வளாகத்தில் கறுப்புக் குடையை விரித்துக்கொண்டு நின்றார். குடை அவர் தலைக்கு மேலே இல்லை. தரையிலிருந்த மிஷினுக்கு மேலே குனிந்து பிடித்திருந்தார். முதுகு தெப்பமாக நனைந்துகொண்டிருந்தது.

ஜாஸ்பர் திரும்பி ஓடிவந்து குடைக்குள் தலையை நுழைக்கப் பார்த்தார்.

"தள்ளி நில்லும்" என்றார் ஞானசிங். "இது எனக்க மருமவளுக்க மிஷினுக்கு உள்ளது."